ஏழு ஜாய்ஸ்டிக்கும் என் வலது காதும்

என் தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. இருபத்தாறு வருஷமாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டிருக்கிறேன். நான் மட்டும் ஏறின மாதிரி தெரியவில்லை. வேலை செய்யும் இடத்தில் என் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் முழிப்பார்கள். 'ஒரு நிமிஷம்' எங்கே என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளேயிருந்து கதவைத் தட்டும்போது நான் வெளியே நின்றுகொண்டு "ஒரு நிமிஷம் சார், ஒரு நிமிஷம்" என்பேன். அந்த நிமிஷம் இதுவரை முக்கால் மணிக்குக் குறைந்து முடிந்ததில்லை. ஒரு தடவை ஒரு அம்மாள் உள்ளே உட்கார்ந்தபடியே ஸ்வெட்டரில் ஒரு கையைப் பின்னி முடித்துவிட்டு வெளியே வந்தார்.

நான் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். என் வியாதி வேறு. இரண்டு ஸ்குரூ டிரைவர் இருந்தால் எது நல்லது என்று யோசிப்பேன். ஒன்றுதான் இருந்தால், இன்னொன்று வாங்கி வந்து அப்புறம் யோசிப்பேன். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்ல நான் எடுத்துக்கொண்ட காலத்தில் என் மனைவிக்கு ஆபீசில் இரண்டு சம்பள உயர்வு வந்துவிட்டது. இரண்டாவது உயர்வுக்குப் பிறகும் அவள் என்னை ஏன் கட்டிக்கொண்டாள் என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

எங்கள் ஹாலின் மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு மரப்பெட்டி நிற்கிறது. முன்பெல்லாம் வீடியோ கேம் கடைகளில் காசு போட்டு நின்றுகொண்டே ஆடுவோமே, அந்த மாதிரிப் பெட்டி. கதவு உடைந்த ஒரு துணி அலமாரியின் பிளைவுட்டை அறுத்து நானே செய்தது. பழைய மானிட்டர் உள்ளே சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. அதன் பின்னால் உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டு. அதற்குள் நூறு விளையாட்டு. சுடுவதற்கும் குதிப்பதற்கும் நான் பொருத்தியிருந்த பட்டன்கள், கழற்றிப் போட்ட ஒரு கிழட்டு லிஃப்டிலிருந்து எடுத்தவை. மூன்றாம் மாடியை அழுத்தினால் விமானம் சுடும். ஏழாம் மாடியை அழுத்தினால் குண்டு போடும். மணி படம் போட்ட அபாய பட்டனை அழுத்தினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும். இவ்வளவும் இரண்டு மாதத்தில் முடித்தேன். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, விமானத்தை நகர்த்துகிற குச்சி, அதாவது ஜாய்ஸ்டிக். அதற்காகப் போட்ட ஓட்டை இரண்டு வருஷமாகத் திறந்தே கிடந்தது.

ஏனென்றால் ஜாய்ஸ்டிக் என்பது லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. மேலே பிடிக்கிற தலை உருண்டையாக இருக்கலாம், கத்தரிக்காய் மாதிரி நீளமாக இருக்கலாம். உள்ளே ஸ்பிரிங் இளக்கமாக இருக்கலாம், விறைப்பாக இருக்கலாம். அடியில் ஒரு தட்டு. அதிலுள்ள துளைக்குள்தான் குச்சி அசையும். துளை சதுரமாக இருந்தால் குச்சி மூலைகளில் போய் முட்டி நிற்கும், வட்டமாக இருந்தால் வழுக்கிக்கொண்டு சுற்றும். இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி, மதிப்பெண் கொடுத்து, கூட்டி, கழித்து, மறுபடி கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி அந்தப் பெட்டியின் மேல் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"என்னங்க, இது கேம் மெஷினா, துணி ஸ்டாண்டா? ஒரு முடிவு சொல்லுங்க. ஸ்டாண்டுன்னா நான் இன்னும் ரெண்டு கொக்கி மாட்டிக்கறேன்" என்றாள்.

"ஒரு நிமிஷம் இரு" என்றேன்.

இந்த வியாதி என் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எங்கள் கட்டிடத்திலேயே இரண்டு மாடி கீழே என் அக்கா இருக்கிறாள். எனக்கு ஆறு வயது மூத்தவள். அவள் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பாதி கடலில் இருப்பார். அக்கா ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள். பெட்டிகள் அடுக்கிய பலகையை இரண்டு இரும்புக் கரங்களால் அப்படியே தூக்கி, மாடி உயரத்து அடுக்கில் கொண்டுபோய் வைக்கும் வண்டி. பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறாள். அவள் வேலை செய்யும் இடத்துக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. என்னத்தைத் தூக்கிக் கீழே இறக்குவது, நானும் அதைத்தானே செய்கிறேன் என்கிற அலட்சியம்.

அக்காவிடம் எனக்குப் பயம் உண்டு. சின்ன வயதிலிருந்தே நான் ஏதாவது அசட்டுத்தனம் செய்தால் அவள் என் காதைப் பிடித்து ஒரு முழுச் சுற்று திருகுவாள். வலது கையில் எப்போதும் கரண்டியோ பேனாவோ இருக்கும். ஆகவே அந்த வேலையை இடது கைக்கு ஒதுக்கியிருந்தாள். எதிரே நிற்பவளின் இடது கைக்கு எட்டுவது என் வலது காது. ஐம்பது வயதிலும் எனக்கு அந்தக் காது இன்னொன்றைவிடக் கொஞ்சம் பெரியது என்று ஒரு சந்தேகம். மனைவி இல்லை என்கிறாள். அவள் எல்லாவற்றுக்கும் இல்லை என்பாள்.

எங்கள் கட்டிடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்பவனும் நான்தான். போன மழைக்காலத்தில் அதன் கதவுப் பூட்டு பழுதாகிவிட்டது. மாற்றுப் பூட்டு இரண்டு கம்பெனியில் கிடைத்தது. எது நல்லது என்று நான் மூன்று நாள் ஆராய்ந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிய அக்கா ஈரப் படியில் வழுக்கி விழுந்தாள். இடது மணிக்கட்டு எலும்பு உடைந்தது.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, பூட்டு அன்னிக்கே கைல இருந்துச்சு. எதைப் போடலாம்னு பாத்துட்டே இருந்துட்டேன். போட்டிருந்தா நீ லிஃப்ட்ல போயிருப்ப."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு இடது கையைத் தூக்கி என் காதுக்குக் கொண்டுவந்தாள். நான் தலையைக் குனிந்து காட்டினேன், நியாயம்தானே. அவள் விரல்கள் காதைத் தொட்டன. ஆனால் மூடவில்லை. வெந்நீரில் கிடந்த மாதிரி வெளுத்துச் சுருங்கிப்போயிருந்த அந்தக் கை, காதில் ஒரு கணம் தங்கி, அப்படியே வழுக்கி என் தோளில் விழுந்தது. அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"சரி, வா போலாம்" என்று கையை மடியில் மறைத்துக்கொண்டாள். எனக்கு அன்று விழுந்த அடி, காதில் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கிடங்கில் அவளுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆய்வாளர் வந்து வண்டி ஓட்டச் சொல்லிப் பார்ப்பார். ஓட்டினால் பழைய வேலை. இல்லையென்றால் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் மேஜை, நிரந்தரமாக. இப்போதைக்கே அங்கேதான் உட்காரவைத்திருந்தார்கள்.

"அந்த மேஜையில இன்னும் ஆறு மாசம் உக்காந்தா என் நெத்தியிலயும் ஒரு லேபிள ஒட்டிடுவாங்க" என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

பிசியோதெரபி செய்யும் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "எதையாவது பிடிச்சுத் திருப்பிட்டே இருக்கணும்மா. இந்த மூணு மாசத்துல எவ்வளவு வருதோ அவ்வளவு. அப்புறம் ரொம்பக் கஷ்டம்." பிழிந்து பிழிந்து பழக ஒரு ஸ்பாஞ்சுப் பந்தும் கொடுத்தாள். அக்கா அதை இரண்டு நாள் பிழிந்தாள். மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பந்து ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தது.

அப்போதுதான் என் மூளையில் பல்பு எரிந்தது. ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பது இடது கைதானே. பள்ளிக்கூட நாளில் எங்கள் தெரு முனைக் கடையில் விமான ஆட்டத்தில் அக்காவை யாரும் ஜெயித்ததில்லை. பெட்டியை முடித்துக் கொடுத்தால் ஆசையாக ஆடுவாள், கை தானாகத் திரும்பிவிடும். செய்த பாவத்துக்குப் பரிகாரமும் ஆயிற்று, மூலையில் நிற்கும் பெட்டிக்கு விமோசனமும் ஆயிற்று. இந்த யோசனையை மனைவியிடம் சொன்னபோது அவள் முதல் முறையாக இல்லை என்று சொல்லவில்லை. "முடிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜாய்ஸ்டிக் விற்கிற கடை ஒரு எலக்ட்ரானிக்ஸ் கட்டிடத்தின் நாலாவது மாடியில். அந்தக் கட்டிடத்து லிஃப்டும் என் பொறுப்பில்தான் இருக்கிறது, அதனால் படியேறித்தான் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் "சார், லிஃப்ட் எப்ப சார் ஓடும்?" என்பார். நான் "ஒரு நிமிஷம்" என்பேன். இந்த நெருக்கத்தில் அவர் ஒவ்வொரு குச்சியாகக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். பாவம், என்னைப் பற்றி அவருக்கு முழுதாகத் தெரியாது.

முதல் குச்சி கத்தரிக்காய்த் தலை. ஒரு பலகையில் பொருத்தி, ஒயரை இழுத்துப் பெட்டியில் செருகி, அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தேன். விமானம் மேலே போனது, கீழே வந்தது.

"பக்கவாட்டுல போகாதா?" என்றாள் அக்கா.

குனிந்து பார்த்தேன். குச்சிக்கு அடியில் நாலு பக்கத்துக்கும் நாலு சின்ன ஸ்விட்ச் உண்டு. நான் மேலுக்கும் கீழுக்கும் மட்டும் ஒயர் கொடுத்திருந்தேன். இருபத்தாறு வருஷப் பழக்கம். என் தொழிலில் வண்டி பக்கவாட்டில் போனால் போலீஸ் வரும்.

மனைவி சமையலறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள், கட்டுப் பிரித்த பிறகு முதல் தடவை. அசடு வழிந்தாலும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னும் இரண்டு ஒயரைக் கொடுத்தேன். அவள் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, "இது வேணாம்டா. கத்தரிக்காயப் புடிச்ச மாதிரி இருக்கு. உருண்டையா கொண்டா" என்றாள்.

நோட்டில் ஒரு புதுக் கட்டம் போட்டேன். அதற்குத் தலைப்பு: 'ஆட்டக்காரரின் தவறான அபிப்பிராயங்கள்.' ஏனென்றால் என் மதிப்பெண்படி கத்தரிக்காய்தான் முதலிடம்.

இரண்டாவது குச்சி, சின்ன உருண்டைத் தலை. அக்கா சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்தாள். பத்து நாள் அதைப் பிடித்தாள். ஆனால் அவள் ஆடிய ஆட்டத்தை ஆட்டம் என்று சொல்ல முடியாது. டீயில் சர்க்கரை கரைப்பது போலக் குச்சியைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டே இருந்தாள். வலமாகக் கொஞ்ச நேரம், இடமாகக் கொஞ்ச நேரம். திரையில் விமானம் நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றி, முதல் குண்டிலேயே செத்தது.

"அக்கா, சுடுக்கா. மூணாம் மாடிய அமுக்கு."

"நீ உன் வேலையப் பாரு."

தெருவையே ஜெயித்தவள் இப்படி ஆகிவிட்டாளே. பத்தாம் நாள் சொன்னாள்: "இதவிடப் பெரிய உருண்டை வேணும். ஸ்பிரிங்கும் தொளதொளன்னு இருக்கு, கொஞ்சம் டைட்டா கொண்டா."

"அக்கா, பெரிய உருண்டை கைக்கு நல்லதில்ல. எல்லாருமே சின்னதுதான்..."

"எல்லாருக்கும் சின்னதக் குடு. எனக்குப் பெருசு கொண்டா."

மூன்றாவது கொஞ்சம் பெரிது, கொஞ்சம் விறைப்பு. நாலாவது அதைவிட. ஒவ்வொன்றையும் ஒரு வாரம், பத்து நாள் சுற்றுவாள். பிறகு வேண்டாம் என்பாள். ஐந்தாவதில் புதுப் புகார் வந்தது: "மூலைல மூலைல போய் இடிக்குதுடா. சுத்தும்போது தடுக்குது." அது சதுரத் துளை, ஆட்டத்துக்கு அதுதான் சரி, விமானம் குறுக்கே பாய மூலை வேண்டும் என்று படம் வரைந்து விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தடுக்குது" என்றாள். அதையும் தவறான அபிப்பிராயங்களில் எழுதிக்கொண்டேன்.

வேலையிடத்தில் நான் இதைப் பெரிய ஆராய்ச்சியாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு வேளையில் நோட்டைப் பிரித்துவைத்து வகுப்பே எடுத்தேன். என்னோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் கவனமாகக் கேட்டுவிட்டு, "அண்ணே, உங்கக்கா கை சரியாகறதுக்குள்ள இன்னொரு கை மொளச்சுடும்ணே" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் நோட்டை மூடிவிட்டேன்.

மூன்று மாதத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது. ஆறாவது குச்சி என் கணக்கில் உச்சம். தேடித் தேடி எடுத்தது. அக்கா அதையும் நாலு சுற்று சுற்றிவிட்டு, "ம்ஹூம். மூல இடிக்குது. அதே சின்ன உருண்டை" என்று கையை எடுத்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "நீ ஆடவே மாட்டேங்கற. சும்மா கிண்டிக்கிட்டே உக்காந்திருக்க. டெஸ்டுக்கு மூணு வாரம்தான் இருக்கு. உன் கை நல்லாகணும்னு எனக்கு இருக்கற அக்கறைல பாதிகூட உனக்கு இல்ல" என்றேன்.

அக்கா எழுந்தாள். "சரிப்பா" என்றாள். அவளுக்குப் பாசம் என்றால் 'டேய்', கோபம் என்றால் 'எருமை'. 'ப்பா' என்று சொன்னால் மனம் நொந்துவிட்டாள் என்று அர்த்தம். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிப் போனாள். இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள் என்பதை நான் பார்த்தேன், ஆனால் அது என் மண்டையில் ஏறவில்லை. அவ்வளவு அறிவு இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்.

நாலு நாள் அவள் வரவில்லை. நான் போகவும் தைரியம் இல்லை. ஐந்தாம் நாள் மனைவி என் நோட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணி சொன்னத எல்லாம் வரி விடாம எழுதி வச்சிருக்கீங்க. ஒரு தடவையாவது படிச்சீங்களா?"

"அதெல்லாம் தவறான..."

"நான் படிக்கறேன், கேளுங்க. உருண்டை. பெரிய உருண்டை. டைட்டா. இன்னும் டைட்டா. மூல வேணாம். வட்டமா சுத்தணும்." நோட்டை மூடினாள். "ஆறு தடவையும் ஒரே சாமானத்தத்தாங்க கேட்டிருக்காங்க. நீங்கதான் ஆறு தடவையும் உங்களுக்குப் புடிச்சதக் கொண்டாந்து குடுத்திருக்கீங்க."

என் முகத்தில் ஈயாடவில்லை. அன்றே கடைக்குப் போனேன். கடைக்காரர் அலமாரியின் அடித்தட்டில், தூசிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார். கறுப்பு நிறம், கொய்யாக்காய் அளவு உருண்டை, முரட்டு ஸ்பிரிங், அடியில் வட்டத் துளை.

"இத யாரும் வாங்க மாட்டாங்க சார். இதுல எந்த கேமும் ஒழுங்கா ஆட முடியாது. அவங்க என்னதான் ஆடுவாங்க?"

"சுத்துவாங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார்.

பலகையில் பொருத்தி, அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். மன்னிப்பு கேட்கத் தயாராக நாலைந்து வாக்கியம் வைத்திருந்தேன். எதை முதலில் சொல்வது என்று வாசலில் நின்று யோசிப்பதற்குள் அவள் பலகையை வாங்கிச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டாள். உருண்டையின் மேல் இடது கையைப் போட்டாள். வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று. உள்ளே ஸ்விட்சுகள் சடசடவென்று ஓசையிட்டன.

"இது" என்றாள். அவ்வளவுதான்.

"மேல வாக்கா. பெட்டியில மாட்டிடறேன்."

"வேணாம். பலகையோட இங்கயே இருக்கட்டும்."

"ஸ்கிரீன் இல்லாம எப்படிக்கா ஆடுவ?"

"ஆடிக்கறேன். நீ போய் சாப்புடு."

எனக்காகப் பரிதாபப்பட்டு வாங்கி வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். ஸ்பாஞ்சுப் பந்துக்குப் பக்கத்தில் இதுவும் ஜன்னலில் உட்காரப்போகிறது என்று நினைத்தேன். ஆனால் காலையில் வேலைக்குப் போகும்போதும், சாயங்காலம் திரும்பும்போதும் அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அந்தச் சடசட ஓசை கேட்டது. நிற்காமல் கேட்டது. பாவம், என் மனம் நோகக்கூடாதென்று நான் வருகிற நேரம் பார்த்துச் சுற்றுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியேறிப் போனேன். எப்படிப்பட்ட புத்திசாலி பாருங்கள்.

டெஸ்ட் அன்று "வண்டியில கொண்டு விடறியா?" என்று கேட்டாள். கொண்டு விட்டேன். கிடங்கு சூப்பர்வைசர் நல்ல மனுஷன். என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். உள்ளே கூரை எங்கோ உயரத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் மாடி மாடியாக அடுக்குகள். நடுவே ஒரு வழி, அதில் ஆறு பீப்பாய்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஆய்வாளர் காதில் பேனாவும் கையில் அட்டையுமாக நின்றிருந்தார். அக்கா வண்டியில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள்.

வலது கையை, இரும்புக் கரங்களைத் தூக்கி இறக்கும் லீவர்களின் மேல் வைத்தாள். இடது கையை ஸ்டீயரிங்கின் மேல் வைத்தாள். அப்போதுதான் பார்த்தேன். சக்கரத்தின் விளிம்பில், இடது பக்கமாக, ஒரு உருண்டை துருத்திக்கொண்டிருந்தது. கறுப்பு. கொய்யாக்காய் அளவு. வலது கை லீவரில் இருப்பதால், அந்த உருண்டையை ஒற்றைக் கையால் பிடித்துத்தான் சக்கரம் முழுவதையும் சுழற்ற வேண்டும்.

பதினெட்டு வருஷமாக அவள் பிடித்த சாமான் அது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உன் வண்டியை எப்படி ஓட்டுவாய் என்று நான் கேட்டிருக்கலாம். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்? ஒன்றையும் இல்லை. இளக்கமான ஸ்பிரிங்கில் தொடங்கி, கையில் பலம் ஏற ஏற விறைப்பைக் கூட்டி, உருண்டையைப் பெரிதாக்கி, மூலையை ஒழித்து, அக்காதான் தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் கட்டம் போட்டிருக்கிறேன்.

வண்டி நகர்ந்தது. முதல் பீப்பாய்க்கு வலப்புறம், அடுத்ததற்கு இடப்புறம். உருண்டை சுற்றியது, அந்தக் கை அதோடு சுற்றியது. எங்கள் ஹாலில் விமானத்தைக் கொன்ற அதே சுற்று. ஆறு பீப்பாயையும் வளைந்து வந்து, திரும்பி, பின்பக்கமாகவே மறுபடி வளைந்து போனாள். மூன்றாவது பீப்பாயருகே வண்டி ஒரு கணம் நின்றது. மணிக்கட்டு வலித்திருக்க வேண்டும். அவள் உதட்டைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது. மறுபடி சுற்றினாள். பிறகு ஒரு பலகை நிறையப் பெட்டிகளைத் தூக்கி, மூன்றாவது அடுக்கில் வைத்து, எடுத்து, இறக்கினாள். ஒரு பெட்டிகூட அசையவில்லை. நான் இறக்கும் லிஃப்ட் ஒன்றுகூட இவ்வளவு மெதுவாகத் தரையைத் தொட்டதில்லை.

ஆய்வாளர் காதிலிருந்து பேனாவை எடுத்து அட்டையில் எழுதினார். "ஓட்டலாம்" என்றார்.

நான் அழுதேன். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, நன்றாகவே அழுதேன். சூப்பர்வைசர் பதறிப்போய், "ஹெல்மெட் ரொம்ப டைட்டா இருக்கா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி அதைக் கழற்றிக் கொடுத்தேன்.

வெளியே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் அக்கா வந்து சேர்ந்தாள். வலது கையில் பையும், ஆய்வாளர் கையெழுத்துப் போட்ட காகிதமும்.

"ஏன்க்கா சொல்லல? இதுக்குத்தான் கேக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா? நீ ஊர்ல இருக்கற அத்தன ஸ்டீயரிங்குக்கும் கட்டம் போட்டிருப்ப. நான் ரிட்டயரே ஆயிருப்பேன்."

"விளையாடாதக்கா."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "வேலைக்குன்னு சொல்லிட்டு கை திரும்பலேன்னா, எல்லாரும் என் மூஞ்சியப் பாத்து உச்சுக்கொட்டுவீங்க. அத என்னால தாங்க முடியாதுடா. கேம்ல தோத்தா கேம்ல தோத்ததுதான். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. தெனமும் ஒரு மணி நேரம் உன் வீட்ல தோக்க எனக்கு எடம் இருந்துச்சு. அது போதும்னு இருந்துச்சு."

தலையைக் குனிந்துகொண்டு வண்டிச் சாவியைத் தேடினேன்.

"இங்க பாரு" என்றாள்.

நிமிர்ந்தேன். அவள் இடது கை என் வலது காதுக்கு வந்துகொண்டிருந்தது. விரல்கள் காதைத் தொட்டன. மூடின. இறுக்கின. பிறகு மெதுவாக, மூலையில் எங்கும் இடிக்காமல், திருக ஆரம்பித்தன.

"இது அந்த லிஃப்டுக்கு" என்றாள் அக்கா.

வலித்தது. கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி வலித்தது. லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். அவள் முழுச் சுற்றும் திருகி முடிக்கும்வரை நான் ஆடாமல் அசையாமல் நின்றேன். விடு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.